கணினியிலிருந்து தொலைக்காட்சிக்கு: திணறாமல் படம் பார்க்க எந்த வழி?

கணினியில் இருக்கும் காணொளியைக் கம்பியில்லாமல் தொலைக்காட்சியில் பார்க்கும்போது வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் "லேக் ஆகிறது" என்ற ஒரே பெயரைத்தான் சூட்டுகிறோம். அந்தப் பெயருக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மவுஸை நகர்த்தி அரை நொடி கழித்துத் தொலைக்காட்சித் திரையில் அம்புக்குறி நகர்ந்தால் அது தாமதம். ஓடிக்கொண்டிருக்கும் படம் உறைந்து நின்று, கட்டம் கட்டமாகச் சிதறி, பிறகு தாவி ஓடினால் அது திணறல். திரைப்படம் பார்ப்பவருக்கு இரண்டு நொடித் தாமதம் தெரியவே தெரியாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் திணறினாலும் அவர் பொறுமை இழந்துவிடுவார். கணினி விளையாட்டு ஆடுபவருக்கோ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். எப்போதாவது படம் ஒரு கணம் மங்குவதை அவர் பெரிதுபடுத்த மாட்டார்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு இந்த வேறுபாடுதான் திறவுகோல். ஏனென்றால் திணறலுக்கு உரிய மருந்து தாமதத்தைக் கூட்டும். தாமதத்துக்கு உரிய மருந்து திணறலைக் கூட்டும். வரவிருக்கும் சில நொடிக் காட்சியைத் தொலைக்காட்சி முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டால், நடுவே ஒய்ஃபை ஒரு நொடி தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து படம் தடையின்றி ஓடும். ஆனால் அந்தச் சேமிப்பின் அளவே தாமதத்தின் அளவாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே ரவுட்டரை மாற்றுவதற்கோ இணையத் திட்டத்தை உயர்த்துவதற்கோ முன்பாக, நாம் பார்க்கப்போவது படமா, ஆடப்போவது விளையாட்டா, காட்டப்போவது பிறருக்கு விளக்கும் ஆவணமா என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. பலரும் படம் பார்ப்பதற்கு, ஆவணம் காட்டுவதற்கென்று அமைந்த வழியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதே இத்தொல்லையின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

திரையை அப்படியே பிரதியெடுத்து அனுப்புவது

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் கே விசையையும் சேர்த்து அழுத்தினால் அருகிலுள்ள தொலைக்காட்சிகளின் பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தால் கணினித் திரை முழுவதும் அங்கே தெரியும். இதன் பின்னால் பெரும்பாலும் இயங்குவது ஒய்ஃபை கூட்டமைப்பு 2012-இல் சான்றளிக்கத் தொடங்கிய மிராகாஸ்ட் என்னும் முறை. ஆப்பிள் கணினிகளில் ஏர்பிளே வழியாகத் திரையைப் பிரதிபலிப்பதும், குரோம் உலாவியில் ஒரு தாவலை முழுவதுமாகக் காஸ்ட் செய்வதும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

இவ்வழியில் கணினி செய்யும் வேலையை எண்ணிப் பார்த்தால், திணறாமல் ஓடும்போதுதான் வியப்பு வர வேண்டும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை, ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) என்று பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் தரவு வருகிறது. அதைச் சில மெகாபிட்டிலிருந்து சில பத்து மெகாபிட்டுக்குள் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுமுனையில் விரித்துக் காட்ட வேண்டும். இத்தனையும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கிடைக்கும் 16.7 மில்லி நொடி இடைவெளியின் தாளம் தவறாமல் நடக்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் ஓடவிட்ட படக்கோப்பு ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட ஒன்று. கட்டி வைத்த மூட்டையைத் தெருவில் பிரித்துக் கொட்டி, அவசர அவசரமாக மறுபடி கட்டி, அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்வதைப் போன்றது இது. மறுமுறை கட்டும்போது தரமும் குறைகிறது, கணினியும் சூடாகிறது, நேரமும் போகிறது. திரைப் பிரதிபலிப்பில் உடனுக்குடன் காட்டுவதே நோக்கம் என்பதால் முன்சேமிப்புக்கும் அதிக இடமில்லை. எனவே காற்றில் ஏற்படும் சின்னத் தடங்கலும் அப்படியே திரையில் தெரிந்துவிடும்.

மிராகாஸ்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. அது பொதுவாக ரவுட்டரைத் தொடாமல், கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே நேரடி ஒய்ஃபை இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. மடிக்கணினியில் ஒய்ஃபை அலையை அனுப்பி வாங்கும் பகுதி, அதாவது ஒய்ஃபை வானொலி, பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ரவுட்டர் ஓர் அலைவரிசையிலும் தொலைக்காட்சி வேறோர் அலைவரிசையிலும் இருந்தால், அந்த ஒரே வானொலி இங்கும் அங்குமாகத் தாவித் தாவி இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இணையத்திலிருந்து படத்தை வாங்கிக்கொண்டே தொலைக்காட்சிக்கும் அனுப்பும்போது திணறல் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைச் சோதிப்பது எளிது: ஒரு காணொளியைக் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொண்டு, ஒய்ஃபையை அணைக்காமல் ரவுட்டருடனான இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, மறுபடி பிரதிபலித்துப் பாருங்கள். இப்போது சீராக ஓடினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். கணினியை ஈதர்நெட் கம்பியால் ரவுட்டருடன் இணைத்துவிட்டால், ஒய்ஃபை வானொலி முழுவதும் தொலைக்காட்சிக்கே கிடைத்துவிடும்.

பிரதிபலிப்பையே தொடர வேண்டிய கட்டாயம் உள்ளவர்களுக்கு வேறு சில சிறு உதவிகளும் உண்டு. கணினித் திரையின் நுணுக்கத்தை (ரெசல்யூஷனை) 4கே-யிலிருந்து 1080-க்குக் குறைப்பது, மின்சேமிப்பு நிலையை விலக்கி மின்னேற்றியுடன் இணைத்து வைப்பது, வரைகலை மற்றும் ஒய்ஃபை இயக்கிகளைப் புதுப்பிப்பது, விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துவது ஆகியவை அவை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் மூட்டையைப் பிரித்துக் கட்டும் வேலை அப்படியே இருக்கும்.

முகவரியை மட்டும் கொடுப்பது

காணொளித் தளங்களின் ஓரத்தில் தெரியும் சிறிய காஸ்ட் பொத்தானும், உலாவியின் பட்டியலில் உள்ள காஸ்ட் கட்டளையும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் செய்யும் வேலைக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. உலாவியின் கட்டளை, தாவலில் தெரிவதைச் சுருக்கிக் கணினியிலிருந்து அனுப்புகிறது. தளத்தின் பொத்தானோ காணொளியின் முகவரியை மட்டும் தொலைக்காட்சியிடம் கொடுத்துவிடுகிறது. தொலைக்காட்சியே இணையத்திலிருந்து படத்தை நேரடியாக வாங்கி, தன் விருப்பம்போல முன்சேமித்துக்கொண்டு ஓட்டுகிறது. கணினி அப்போது ஒரு ரிமோட்டின் வேலையை மட்டுமே செய்கிறது. மடிக்கணினியை மூடிவிட்டாலும் படம் பொதுவாக நிற்காது. எந்த முறையில் ஓடுகிறது என்பதைக் கண்டறிய இதைவிட எளிய சோதனையும் இல்லை.

பார்க்கும் தளத்தில் இந்தப் பொத்தான் இருந்தால் வேறு வழி தேட வேண்டியதில்லை. தொலைக்காட்சியிலேயே அந்தச் சேவையின் செயலி இருந்தால் கணினியே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமலே புரியும் என்று நினைத்துத்தான் பலரும் இதை மறந்துபோகிறார்கள். இவ்வழியிலும் படம் திணறினால் பிழை தொலைக்காட்சியின் ஒய்ஃபையிலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது. கணினியைக் கிண்டுவதால் பயனில்லை. 2013-இல் வந்த முதல் குரோம்காஸ்ட் போன்ற பழைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தவை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

கோப்பைக் கோப்பாகவே அனுப்புவது

சொந்தக் காணொளிகளும் படக்கோப்புகளும் கணினியில் இருந்தால், என் பரிந்துரை இந்த மூன்றாவது வழிதான். கணினியில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற ஊடகச் சேவையக மென்பொருள் ஒன்றை நிறுவி, தொலைக்காட்சியில் அதன் செயலியைத் திறந்தால், கோப்பு சுருக்கப்பட்ட நிலையிலேயே தொலைக்காட்சிக்குப் போய் அங்கே விரிக்கப்படுகிறது. மூட்டை பிரிக்கப்படுவதில்லை. டிஎல்என்ஏ என்னும் பழைய முறையும் இதே வேலையைச் செய்யும். அதை உருவாக்கிய அமைப்பு 2003-இல் தொடங்கி 2017-இல் கலைக்கப்பட்டுவிட்டாலும், அந்த முறையைப் புரிந்துகொள்ளும் தொலைக்காட்சிகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. விரைந்து முன்னோட்டுவதிலும் துணைவரிகளை (சப்டைட்டில்களை) காட்டுவதிலும் அது சற்றே கரடுமுரடானது.

இவ்வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: கோப்பின் வடிவம் தொலைக்காட்சிக்குப் புரிய வேண்டும். எச்.264 முறையில் சுருக்கப்பட்ட படம் ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும். எச்இவிசி எனப்படும் எச்.265 பல 4கே தொலைக்காட்சிகளில் ஓடும். ஏவி1 முறையைப் புதிய தொலைக்காட்சிகளில்தான் எதிர்பார்க்கலாம். புரியாத வடிவம் வந்தால், சேவையகம் உடனடியாக அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பத் தொடங்கும். அந்த இடத்தில் நாம் தவிர்க்க நினைத்த மூட்டை வேலை கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடுகிறது. இன்டெல்லின் குவிக் சிங்க், என்விடியாவின் என்வெங்க் போன்ற வன்பொருள் வசதிகளை மென்பொருளின் அமைப்பில் இயக்கி வைத்தால் கணினி அந்தச் சுமையை எளிதாகத் தாங்கும். இயக்கவில்லையென்றால் பழைய கணினி மூச்சு வாங்கும்.

துணைவரிகள் செய்யும் குறும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். ப்ளூரே வட்டிலிருந்து எடுத்த கோப்புகளில் துணைவரிகள் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அவற்றை நேரடியாகக் காட்டத் தெரியாத தொலைக்காட்சிச் செயலிக்காக, சேவையகம் ஒவ்வொரு சட்டகத்தின் மீதும் துணைவரியைப் பதித்துப் புதிதாகச் சுருக்கி அனுப்பும். அதாவது, துணைவரியை இயக்கிய ஒரே காரணத்தால் முழுப் படமும் மறுசுருக்கத்துக்கு உள்ளாகிறது. ஒரு படம் மட்டும் திணறுவதற்கு ஒய்ஃபையைக் குறைசொல்லி, ரவுட்டரை அறையின் ஒவ்வொரு மூலைக்கும் நகர்த்திப் பார்த்த பிறகே எனக்கு இது விளங்கியது. துணைவரியை எழுத்து வடிவக் கோப்பாக மாற்றியதும் அதே படம் அதே இடத்தில் சீராக ஓடியது. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் இரண்டிலும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால், ஓடும் படம் நேரடியாகப் போகிறதா மாற்றப்பட்டுப் போகிறதா என்று தெரியும். திணறல் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுவே.

காற்றைச் செப்பனிடுவதா, கம்பி இழுப்பதா?

வழியைச் சரியாகத் தேர்ந்த பிறகும் திணறல் நீடித்தால், அப்போதுதான் வலையமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே ஒய்ஃபையின் ஓர் அடிப்படைக் குணம் முக்கியமாகிறது: ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும். கணினியும் தொலைக்காட்சியும் ஒரே அலைவரிசையில் ஒய்ஃபை வழியாக ரவுட்டருடன் இணைந்திருந்தால், படத்தின் ஒவ்வொரு துளியும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறையும், ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு இன்னொரு முறையுமாகக் காற்றில் இருமுறை பயணம் செய்கிறது. நொடிக்கு 40 மெகாபிட் கேட்கும் படம் காற்றில் 80 மெகாபிட் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டில் ஒரு கருவியைக் கம்பியால் இணைத்துவிட்டால் சுமை உடனே பாதியாகிவிடும். புதிய ரவுட்டர் வாங்குவதற்கு முன் ஒரு ஈதர்நெட் கம்பியை முயன்று பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த முனையைக் கம்பியில் போடுவது என்ற கேள்விக்கு, பெரும்பாலும் கணினி முனையை என்பதே என் விடை. காரணம் கொஞ்சம் விசித்திரமானது. பல தொலைக்காட்சிகளின் ஈதர்நெட் துளை, புதியவை உட்பட, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தைத் தாண்டாது. அதே தொலைக்காட்சியின் 5 கிகாஹெர்ட்ஸ் ஒய்ஃபை, ரவுட்டர் அருகில் இருந்தால், அதைவிட விரைவாக இருக்கக்கூடும். இணையச் சேவைகளின் 4கே படங்கள் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் அளவிலேயே இருப்பதால் அவற்றுக்கு 100 தாராளம். ஆனால் 4கே ப்ளூரே வட்டின் தரவு வேகம் உச்சத்தில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். அத்தகைய கோப்பைத் தொலைக்காட்சியின் ஈதர்நெட் துளை வழியாக ஓட்டினால், சண்டைக் காட்சிகளில் மட்டும் படம் திணறும். கம்பி போட்ட பிறகும் திணறுகிறதே என்று குழம்புபவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ரவுட்டர் தொலைக்காட்சியிலிருந்து இரண்டு சுவர் தள்ளி இருந்தால் மட்டும் என் விடை மாறும். அங்கே சீரான 100 மெகாபிட், ஏறி இறங்கும் 200-ஐ விட மேல்.

கம்பியே போட முடியாத நிலையில், முதலில் செய்ய வேண்டியது இரு கருவிகளையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுவது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பரப்பில் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அண்டை வீட்டு ஒய்ஃபைகள், ப்ளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பரப்பில் கூடிக் கும்மாளம் போடுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் துளைப்பதில் பின்தங்கினாலும் நெரிசல் குறைந்தது. ஒய்ஃபை 6இ-யோடு வந்த 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆனால் கணினி, ரவுட்டர், தொலைக்காட்சி மூன்றும் அதை அறிந்திருக்க வேண்டும், தொலைக்காட்சி பெரும்பாலும் அறியாது. 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான தடங்களில் ரேடார் அலை தென்பட்டால் ரவுட்டர் அந்தத் தடத்தை விட்டு விலகியாக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. மாலை வேளையில் திடீரென்று இணைப்பு அறுந்து மீண்டும் வருகிறதென்றால், தடத்தை 36 முதல் 48-க்குள் நிலையாக வைத்துப் பார்க்கலாம். ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் மறைத்து வைப்பது அழகுக்கு நல்லது, அலைக்குக் கெட்டது.

மெஷ் கருவிகள் வீடு முழுதும் சமிக்ஞையைப் பரப்பும் என்பது உண்மை. ஆனால் அவை தமக்குள் பேசிக்கொள்வதும் காற்றில்தான் என்றால், படம் இருமுறைக்குப் பதில் மும்முறை காற்றில் பயணிக்கும். மெஷ் கருவிகளைத் தமக்குள் கம்பியால் இணைக்க முடிந்தால் மட்டுமே இந்த வேலைக்கு அவற்றை வாங்குவேன். மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் இணைப்பிகளின் வெற்றி, வீட்டு மின்கம்பியின் வயதையும் சுற்றமைப்பையும் பொறுத்தது; திருப்பித் தரும் வசதியோடு வாங்குங்கள், சுவரிலுள்ள துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

இணையத் திட்டத்தை உயர்த்துவதைப் பற்றி ஒரே ஒரு சொல்: கணினியில் இருக்கும் கோப்பு தொலைக்காட்சிக்குப் போகும் பாதையில் இணையம் வரவே இல்லை. இணைய வேகச் சோதனையில் வரும் எண் இதற்குப் பொருந்தாது. வீட்டுக்குள் உள்ள வேகத்தை அளக்க ஐபெர்ஃப்3 என்னும் இலவசக் கருவியைக் கணினியில் ஓடவிட்டு, அதே கருவியைக் கைப்பேசியிலும் நிறுவி, கைப்பேசியைத் தொலைக்காட்சியின் பக்கத்தில் வைத்துச் சோதிக்கலாம்; சராசரியைவிட, நடுநடுவே எத்தனை முறை வேகம் பாதாளத்துக்கு விழுகிறது என்பதைப் பாருங்கள்.

விளையாட்டுக்கும் விளக்கவுரைக்கும்

தாமதம்தான் உங்கள் தொல்லை என்றால் மேற்சொன்ன சேவையக வழி உதவாது. அங்கே எச்டிஎம்ஐ கம்பிக்கு ஈடு இணை இல்லை: சுருக்கமும் இல்லை, காற்றும் இல்லை. எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 ஜிகாபிட்டைத் தாங்கி 4கே படத்தை 60 சட்டகத்தில் காட்டும், பழைய 1.4 வகை 4கே-யில் 30 சட்டகத்தோடு நின்றுவிடும். யுஎஸ்பி-சி துளையிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சில இணைப்பிகளுக்கும் இதே 30 சட்டக வரம்பு உண்டு. அதைப் பார்த்துவிட்டுக் கம்பியைக் குறைசொல்ல வேண்டாம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் தேவைப்பட்டால் சாதாரணச் செப்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழைக் கம்பியே நம்பகமானது. தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்க மறந்தால், கம்பி மிச்சப்படுத்திய நேரத்தைத் தொலைக்காட்சியின் பட மெருகேற்றமே விழுங்கிவிடும்.

கம்பி எட்டாத அறையில் விளையாட வேண்டுமென்றால், ஆட்டத்தின் திரையை அனுப்பும் சன்ஷைன் என்னும் மென்பொருளைக் கணினியிலும், அதை வாங்கிக் காட்டும் மூன்லைட் செயலியை ஆண்ட்ராய்டு டிவியிலும் நிறுவலாம். ஸ்டீம் பயன்படுத்துவோருக்கு ஸ்டீம் லிங்க் செயலி இருக்கிறது. இவையும் திரையைச் சுருக்கி அனுப்புபவையே என்றாலும், தாமதத்தைக் குறைப்பதற்கென்றே எழுதப்பட்டவை. கணினி கம்பியிலும் தொலைக்காட்சி 5 கிகாஹெர்ட்ஸிலும் இருந்தால் மிராகாஸ்ட்டைவிட இவை மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டுகின்றன. ஆவணமோ ஸ்லைடோ காட்டுவதற்கு மட்டும் மிராகாஸ்ட் போதும். அது பிறந்ததே அதற்குத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

யுஎஸ்பி துண்டு என்னும் நடுவர்

இத்தனைக்கும் பிறகு ஏதோ ஒரு படம் இன்னும் சீராக இல்லையென்றால், அதே கோப்பை யுஎஸ்பி துண்டில் (பென் டிரைவில்) போட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்தால் துண்டை ஃபேட்32 முறைக்குப் பதில் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துக்கொள்ள வேண்டும். துண்டிலிருந்து சீராக ஓடினால் கோளாறு வழியில் இருக்கிறது. துண்டிலிருந்தும் கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் மட்டும் படம் விட்டு விட்டு நகர்வதுபோல் தோன்றினால் அது வலையமைப்பின் பிழையே இல்லை. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகம் கொண்டவை. 60 முறை புதுப்பிக்கும் திரையில் அவற்றைக் காட்ட, ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் சமமின்மைதான் கண்ணில் உறுத்துகிறது. தொலைக்காட்சிச் செயலியின் அமைப்பில் சட்டக வேகத்துக்கு ஏற்பத் திரையை மாற்றும் தெரிவை இயக்கினாலோ, எச்டிஎம்ஐ வழியாகப் பார்க்கும்போது கணினியின் புதுப்பிப்பு வேகத்தை 24-க்குக் கொண்டுவந்தாலோ, ரவுட்டரைத் தொடாமலே அது சரியாகிவிடும்.